மாற்றம் இல்லை என்று எழுதிய மூன்று நாட்கள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் நான் ஒரு கையேடு எழுதித் தர வேண்டும் என்று டைரக்டர் கேட்டுக்கொண்டார். ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேலை என்று நினைத்திருப்பார். கையுறை போடுவது, பெட்டி பிரிப்பது, ஓவியத்தை எத்தனை பேர் எப்படித் தூக்குவது என்பதெல்லாம் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருக்கிறது, போய்ப் படித்துக்கொள்ளுங்கள். நான் எழுதப்போவது அதில் இல்லாத ஒன்றை. இருபத்தாறு வருட வேலையில் நான் செய்த மிக மோசமான காரியம் அது. டைரக்டருக்கே பாதிதான் தெரியும்.

வெளியில் யாராவது கேட்டால் ஆர்ட் கேலரியில் வேலை என்பேன். உடனே, நீங்க நல்லா வரைவீங்களா என்பார்கள். எனக்குப் புள்ளிக் கோலமே கோணலாகத்தான் வரும். வரைகிறவர்கள் அனுப்புவதை வாங்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, அங்குலம் அங்குலமாகப் பார்த்து, எங்கே கீறல், எங்கே கறை, எங்கே பூஞ்சை என்று எழுதுவதுதான் என் வேலை. அந்தத் தாள்களுக்குக் கண்டிஷன் ரிப்போர்ட் என்று பெயர். படைப்பு நம் சுவரில் தொங்கும் நாள் வரை தினமும் காலையில், கதவு திறக்கும் முன், ஒருமுறை பார்த்து ஒரு வரி எழுத வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாள் அந்த வரி 'மாற்றம் இல்லை' என்றுதான் இருக்கும். எழுதி எழுதிக் கை தானாகவே எழுதும். அங்கேதான் ஆபத்து.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒரே ஒரு விதி சொல்லிவிட்டுப் போனார். கண்ணால் பார்த்ததை எழுது, காரணத்தை எழுதாதே. சேர்ந்த புதிதில் எனக்கு இது புரியவில்லை. ஒரு பெரிய ஓவியத்தின் மேல் மூலையில் வெள்ளையும் கறுப்புமாக ஒரு பொட்டு இருந்தது. 'கலைஞர் வேண்டுமென்றே வைத்த அழுத்தமான தீற்றல்' என்று அழகாக எழுதி, ஆறு மாதம் அதை யாரும் தொடாமல் பாதுகாத்தேன். திரும்ப எடுத்துப் போக வந்த ஓவியர் குனிந்து பார்த்துவிட்டு, 'பல்லி எச்சம்மா' என்றார். அன்றிலிருந்து காரணம் எழுதுவதை விட்டுவிட்டேன். பார்த்ததை எழுதாமல் விட்டதுதான் இந்தக் கதை.

நீங்கள் இப்போது இருக்கும் கட்டடத்துக்கு மாறும் முன், நம் கேலரி முட்டுக்காட்டில், காயலை ஒட்டிய ஒரு பழைய கட்டடத்தில் இருந்தது. மழைக்காலத்தில் சுவர் முழுக்க ஓதம் ஏறியிருக்கும். அப்போதுதான் வளர்மதியின் முதல் தனிக் கண்காட்சி. கடப்பாக்கத்தில் கடலுக்குப் போகிற குடும்பம். கவின்கலைக் கல்லூரியில் படித்து முடித்து, ஊருக்கே திரும்பி, அங்கே இருக்கும் பழைய கோட்டைச் சுவர்ப் பக்கம் ஒரு கொட்டகை போட்டு வரைந்துகொண்டிருந்த பெண். நம் கேலரி வழக்கம் உங்களுக்குத் தெரியும். முதல் தனிக் கண்காட்சி என்றால் கூடவே ஒரு புத்தகமும் போடுவோம். கண்காட்சி திறக்கும் நாள் நிச்சயதார்த்தம் என்றால், பத்து நாள் கழித்து வரும் புத்தக வெளியீடுதான் நமக்குக் கல்யாணம். கலைஞர் குடும்பமே வேன் வைத்து வரும்.

அந்தப் புத்தகத்தின் அட்டையில் போட்டிருந்த படைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய பாய்மரத் துணி, பன்னிரண்டு அடி உயரம். உப்பளத்துத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தது. துணியின் அடிவிளிம்பில் இரண்டு பேர் நிற்கிறார்கள். முழ உயரம்தான் இருப்பார்கள். கரியும் துருவும் கலந்து வரைந்தது. அவர்கள் தலைக்கு மேல் பத்தரை அடிக்கு ஒன்றுமே இல்லை, வெறும் துணி. பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் மேலே பார்த்துவிட்டுப் பிறகுதான் கீழே அந்த இரண்டு பேரைக் கண்டுபிடிப்பார்கள். துணியின் விளிம்பு தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது வளர்மதியின் ஏற்பாடு. தரையில் நிற்கிற மாதிரி இருக்கணும் மேடம் என்றாள்.

உயரமானவன் அவள் தம்பி ஏழுமலை. குட்டையானவன் பிரபு, ஏழுமலையோடு ஒரே படகில் போகிறவன். கண்காட்சி திறந்த வெள்ளிக்கிழமை மாலை இரண்டு பேரும் சலவைச் சட்டையோடு வந்திருந்தார்கள். பிரபு தன் படத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தான். "இன்னா வளரு, என்னைய இம்மாங்குட்டியா போட்டுகீற" என்றான். வளர்மதி சிரித்தாள். நீ இருக்கிற உயரத்துக்குத்தான் போட முடியும் என்று ஏழுமலை அவன் தலையில் தட்டினான். எனக்குப் பிரபுவைப் பிடித்துப்போயிற்று. ஜூஸைக்கூட முழுதாகக் குடிக்காமல் கிளம்பினார்கள். விடியக் கடலுக்குப் போக வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் மேசையில் உட்கார்ந்திருந்தபோது கன்னியப்பன் கூப்பிட்டார். படைப்புகளை மாட்டுவதும் இறக்குவதும் அவர் பொறுப்பு. மாமல்லபுரத்தில் கல் பட்டறையில் இருந்தவர், கண் அளவிலேயே மட்டம் சொல்லக்கூடியவர். "மேடம், இத்த வந்து பாருங்க" என்றார்.

பாய்மரத் துணியின் அடியில் ஒரு வெள்ளைக் கோடு. உப்புப் பூத்த கோடு. இரண்டு பேரின் கணுக்கால் அளவில், துணியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போயிருந்தது. அதற்குக் கீழே துணி ஈரமாக, கொஞ்சம் கறுத்திருந்தது. சிமென்ட் தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது, துணிக்குள் ஏற்கெனவே இருக்கும் உப்பை மேலே தள்ளுகிறது; எனக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. 'கணுக்கால் அளவில் உப்புக் கோடு. புதியது' என்று எழுதினேன். இது நிஜமான குறிப்பு. இதற்கு அடுத்த மூன்றும்தான் பொய்.

திங்கட்கிழமை காலை கோடு முழங்காலில் இருந்தது. ஒரே நாளில் நாலு விரல் ஏறியிருந்தது. இப்போது என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குப் பாடம் நடத்தியிருப்பார்கள். மாற்றம் தொடர்ந்தால் எழுத வேண்டும். எழுதினால் படைப்பை இறக்க வேண்டும், காப்பீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டும், டைரக்டருக்குச் சொல்ல வேண்டும். டைரக்டர் வெளிநாட்டில் ஒரு கலைச்சந்தையில் இருந்தார். புதன்கிழமை பத்திரிகையிலிருந்து படம் எடுக்க வருகிறார்கள். புத்தக அட்டையில் துணி தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. இறக்கிவிட்டால் வெளியீட்டு விழாவுக்குச் சுவரில் என்ன இருக்கும்? நாளைக்குச் சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்று 'மாற்றம் இல்லை' என்று போட்டேன். இதை எழுத இரண்டு வினாடிதான் ஆயிற்று.

அன்று மதியம் வளர்மதி வந்தாள். சனிக்கிழமை காலை போன ஏழுமலையும் பிரபுவும் இன்னும் கரை திரும்பவில்லை. மதியத்துக்குள் வந்துவிட வேண்டிய சின்ன ஃபைபர் படகு. ஊர்ப் படகுகள் ஞாயிறு முழுக்கத் தேடியிருக்கின்றன. கடலில் காற்று மாறிவிட்டதாம். மீன்துறை ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டு நேராக இங்கே வந்திருந்தாள். செருப்பில்கூடச் சேறு காயவில்லை. எதற்கு இங்கே வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். தம்பியின் முகத்தைப் பார்க்க வந்திருக்கலாம்.

துணிக்கு முன்னால் போய் நின்றவள் கோட்டைப் பார்த்தாள். இது எப்பலேர்ந்து என்று கேட்டாள். சொன்னேன். பிறகு என் பக்கம் திரும்பி, "மேடம், அவங்கள தூக்கிடுங்க. ஒரு சாண் மேல தூக்கி மாட்டச் சொல்லுங்க" என்றாள்.

ஒரு சாண் மேலே தூக்கினால் துணி தரையிலிருந்து விலகும். ஈரம் நிற்கும். கோடு நிற்கும். என் தொழில் முறைப்படி பார்த்தாலும் அதைத்தான் செய்திருக்க வேண்டும். கன்னியப்பனுக்குப் பத்து நிமிட வேலை. நான் செய்யவில்லை. ஏன் தெரியுமா? அவள் சொன்ன காரணம் எனக்குப் பிடிக்கவில்லை. என் கணவர் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்தவர். லாரி சுலபமாகக் கிடைக்கும் என்று வேண்டுமென்றே ராகுகாலத்தில் குடிபோன குடும்பம் எங்களுடையது. துணியில் உப்பு ஏறுவதற்கும் கடலில் இருக்கும் ஆளுக்கும் முடிச்சுப் போடுவதை என்னால் ஏற்க முடியாது. இன்று தூக்கி மாட்டினால் நாளை ஊரே அதை வேறு விதமாகப் பேசும் என்று தோன்றியது. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, ஈரம் துணியில் எப்படி ஏறும் என்று அந்தப் பெண்ணுக்கு விளக்கம் சொன்னேன். தம்பியைக் காணாமல் தவித்துக்கொண்டிருக்கிறவளிடம் கால் மணி நேரம் விஞ்ஞானப் பாடம். நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் பஸ் பிடிக்கப் போனாள்.

செவ்வாய்க்கிழமை கோடு இடுப்பைத் தாண்டியிருந்தது. கதவைத் திறந்ததும் கூடத்தில் கடல் வாடை அடித்தது. காயல் வாடை எனக்கு நன்றாகத் தெரியும். சேறும் பாசியும் கலந்து வரும். இது அது இல்லை. கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே போனால் வரும் வாடை, உப்பைத் தவிர வேறெதுவும் கலக்காதது. மற்ற படங்களைப் பார்த்தேன். அதே சுவரில் தொங்கிய எதிலும் ஈரம் இல்லை. துணிக்குக் கீழே தரையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

கன்னியப்பன் தன் பெட்டியிலிருந்து ரசமட்டத்தை எடுத்து வந்து அந்தக் கோட்டோடு சேர்த்துப் பிடித்தார். குமிழி நட்ட நடுவில் நின்றது. இன்னும் இரண்டு இடத்தில் வைத்தார். அங்கேயும் நடுவில்தான். உங்களுக்கு இதில் என்ன விசேஷம் என்று தோன்றலாம். ஈரம் துணியில் மேடும் பள்ளமுமாகத்தான் ஏறும். நம் வீட்டுச் சுவரில் பார்த்திருப்பீர்கள். இது அப்படி ஏறவில்லை. தேங்கி நிற்கிற தண்ணீர் எப்படி மட்டமாக நிற்குமோ அப்படி நின்றது.

"ஏறிகினு கீது மேடம்" என்றார். "பத்து நிமிசம் குடுங்க, நான் தூக்கி மாட்டிட்றேன்." நீங்களுமா என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன். பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். அவர் ரசமட்டத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் மேசைக்கு வந்து 'மாற்றம் இல்லை' என்று எழுதினேன். நேற்று அப்படி எழுதியாயிற்று, இன்று உண்மையை எழுதினால் நேற்றையது பொய் என்று தெரிந்துவிடும். ஒரு பொய்க்குப் பிறகு அடுத்ததை எழுதுவது எவ்வளவு சுலபம் என்று நான் தெரிந்துகொண்டது அன்றுதான்.

புதன்கிழமை காலை குட்டையானவனின் தாடையில் இருந்தது. உயரமானவனுக்கு மார்பளவு. வளர்மதிக்குப் போன் போட்டேன். தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னாள். கோட்டைப் பற்றி அவள் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. மூன்றாவது தடவையாக அந்த இரண்டு சொற்களை எழுதினேன்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பத்திரிகையின் போட்டோக்காரர் வந்தார். அந்தத் துணிக்கு எதிரே விளக்கு வைத்து, ஏணியில் ஏறி, படுத்து, என்னென்னவோ செய்தார். நான் பக்கத்தில் நின்றேன். கீழே அந்த உப்பு எஃபெக்ட் பிரமாதமாக வந்திருக்கிறது என்றார். அவருடைய விளக்கு வெளிச்சத்தில் உப்பு மினுமினுத்தது. அப்போதுதான் பார்த்தேன். கோடு பிரபுவின் உதட்டில் இருந்தது. அவர் லென்ஸ் மாற்றினார், வேறு கோணம் பார்த்தார், ஒரு அரை மணி நேரம் ஆகியிருக்கும். மறுபடி பார்த்தபோது மூக்குக்கு மேலே போயிருந்தது. வாய் தெரியவில்லை. கரியில் வரைந்த வாய், அதன் மேல் வெள்ளையாக உப்பு. போட்டோக்காரருக்குக் காபி சொல்லிவிட்டு வெளியே போய்க் காயலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏணி பக்கத்திலேயே இருந்தது. கன்னியப்பனும் இருந்தார். அப்போதும் செய்யவில்லை.

வியாழக்கிழமை காலை குட்டையானவனின் தலை உச்சிக்கு மேலே ஒரு விரல் போயிருந்தது. உயரமானவனின் தாடையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

என்ன நினைத்தேன் என்று கேட்காதீர்கள். எதையும் நினைக்கவில்லை. டைரக்டரைக் கேட்கவில்லை, கன்னியப்பனைக் கூப்பிடவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானே ஏணியை இழுத்துப் போட்டு ஏறினேன். மேலே துணி தொங்கும் கட்டையைத் தாங்கும் கொக்கியைக் கழற்ற ஒரு ஆள் போதாது. கன்னியப்பன் எப்போது வந்தார் என்று தெரியவில்லை, மறுபக்கத்தில் இன்னொரு ஏணியில் இருந்தார். இரண்டு பேருமாக ஒரு சாண் மேலே தூக்கி மாட்டினோம். துணியின் விளிம்பு தரையை விட்டு விலகியபோது ஈரத்தில் ஒட்டியிருந்தது பிரிகிற சத்தம் கேட்டது. தரை காய்ந்துதான் இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

செய்ய வேண்டிய சரியான காரியம்தான். நான் அதைத் தப்பான காரணத்துக்காகச் செய்தேன், பயந்துபோய். அதே காரியத்தை மூன்று நாள் செய்யாமல் இருந்ததும் இன்னொரு தப்பான காரணத்துக்காகத்தான், என் கௌரவத்துக்காக. உங்களிடம் ஒருவர் வந்து ஒன்று செய்யச் சொல்லும்போது, அவர் எதை நம்பிச் சொல்கிறார் என்று ஆராயாதீர்கள். அது செய்ய வேண்டிய காரியமா என்று மட்டும் பாருங்கள்.

அன்று மதியம் வளர்மதி போன் செய்தாள். காரைக்கால் பக்கத்துப் படகுக்காரர்கள் ஏழுமலையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். உயிரோடு இருக்கிறான். அவன் மட்டும்தான்.

ஏழுமலை சொன்னதாக அவள் பிறகு சொன்னது இது. சனிக்கிழமையே எஞ்சின் நின்றுவிட்டது. தெற்கே இழுத்துக்கொண்டு போயிற்று. பிறகு அலை அடித்து அடித்துப் படகுக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டது. ஃபைபர் படகு நிறைந்தாலும் முழுதாக அடியில் போகாது. தண்ணீருக்குக் கீழே மிதந்துகொண்டு நிற்கும். இரண்டு பேரும் அதன் மேல் நின்றுகொண்டார்கள். ஆம், நின்றுகொண்டுதான் இருந்தார்கள், கயிற்றைப் பிடித்துக்கொண்டு. ஏழுமலைக்கு மார்பளவு தண்ணீர். பிரபு குட்டை. எப்போது கை விட்டான் என்று ஏழுமலைக்குத் தெரியவில்லை. பகல் எது, இரவு எது, எத்தனை நாள் என்று கணக்கே இல்லை. பிடித்திருந்த கயிற்றின் மறுமுனையில் ஆள் இல்லை என்பது மட்டும் ஒரு நேரத்தில் தெரிந்தது. அவனுக்கும் தாடைவரை வந்துவிட்டது. கடைசி நாள் காலையில் படகு திடீரென்று ஒரு சாண் மேலே வந்த மாதிரி இருந்ததாம். அதனால்தான் பிழைத்தேன் என்றான்.

எஞ்சின் கழன்று கடலில் விழுந்திருக்கும், பாரம் குறைந்திருக்கும் என்று என் கணவர் சொன்னார். இருக்கலாம்.

டைரக்டர் புத்தக வெளியீட்டை ஒரு மாதம் தள்ளிவைத்தார். வியாழக்கிழமை பார்த்ததை மட்டும் ரிப்போர்ட்டில் எழுதியிருந்தேன். 'உப்புக் கோடு இரண்டாவது, குட்டையான உருவத்தின் தலைக்கு மேல். படைப்பு ஒரு சாண் உயர்த்தப்பட்டது.' ஈரம் ஒரே இரவில் ஏறிவிட்டது என்று அவரிடம் சொன்னேன். மழைக்காலத்தில் அப்படி நடக்கும் என்று அவரும் நம்பினார். துணி காய்ந்துவிட்டது. கோடு இருந்த இடத்திலேயே நின்றது. அப்படியே இருக்கட்டும், எதையும் துடைக்க வேண்டாம் என்று வளர்மதி சொல்லிவிட்டாள்.

விழா நாள் காலை. நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். புத்தகக் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். முப்பது வயதுகூட இருக்காது. விழா சாயங்காலம்தான் என்றேன். "விழாவுக்கு வர்ல மேடம். நான் பிரபு வூட்டுக்காரி" என்றாள். பெயர் ரேவதி என்று பிறகு சொன்னாள்.

அவளை உள்ளே அழைத்துப் போனேன். துணிக்கு முன்னால் நின்றாள். நான் எதிர்பார்த்த மாதிரி அழவில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னாள். உடம்பு கிடைக்கவில்லை. திதி கொடுக்க நாள் வேண்டும். ஏழுமலைக்குத் தேதி சொல்லத் தெரியவில்லை. நாள் தெரியாவிட்டால் அமாவாசையில் கொடுங்கள் என்று ஐயர் சொல்லிவிட்டார். அமாவாசை ஊரில் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்கும் நாள். அவருக்கென்று ஒரு நாள் வேண்டும் என்றாள். தினமும் காலையில் பார்த்து நான் ஒரு நோட்டில் எழுதுவேன் என்று, கோட்டைப் பற்றிச் சொன்னபோது வளர்மதி அவளிடம் சொல்லியிருந்தாள். கோடு அவர் வாயைத் தாண்டினது எந்த நாள் என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டாள்.

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது தரையிலிருந்து ஏறிய ஈரம் என்று மறுபடி என் பாடத்தை ஆரம்பித்தேன். அவள் முழுதாகக் கேட்டாள்.

"எனக்குந் தெரியும் மேடம். துணி துணிதான். ஆனா வேற யாராண்ட போயி கேக்கறது?" என்றாள்.

நான் போய் ஃபைலை எடுத்து வந்தேன். ஏன் எடுத்து வந்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். எழுதியிருக்கவில்லை என்று காட்டிவிட்டால் போய்விடுவாள், என்னையும் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அதுதான் மனதில் இருந்திருக்கும். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஞாயிறு படித்தாள். திங்கள் படித்தாள். செவ்வாய், புதன். வியாழனுக்கு வந்ததும் நிறுத்தி, மறுபடி மேலே போய் முதலிலிருந்து படித்தாள். நிமிர்ந்து துணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழம கணுக்கால்ல கீது. வியாழக்கெழம தலைக்கு மேல கீது. நடுவுல மூணு நாளு யாரும் அவர பாக்கவே இல்லியா?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன். அந்த மூன்று நாளும் அவன் கடலில் இருந்தான், யாரும் பார்க்கவில்லை. இங்கேயும் பார்க்கவில்லையா என்றுதான் கேட்டாள்.

"பார்த்தேன்மா" என்றேன். "மூணு நாளும் பார்த்தேன். எழுதல."

எல்லாவற்றையும் சொன்னேன். முழங்கால், இடுப்பு, தாடை. வளர்மதி வந்து கேட்டது, நான் செய்யாமல் விட்டது. போட்டோக்காரரின் விளக்கு. புதன்கிழமை, மதியம் மூன்று மணி இருக்கும் என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. கைபேசியில் காலண்டரைத் திறந்து அந்தப் புதன்கிழமையைத் தேடி, வாய்க்குள் திதியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இதிலியும் எழுதிடுங்க என்று ஃபைலை என்னிடம் நீட்டினாள். மூன்று வரிகளையும் அடித்துவிட்டு, பக்கத்தில் நிஜமாகப் பார்த்ததை எழுதி, அன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். அதை அவள் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

கிளம்புவதற்கு முன் மறுபடி துணியிடம் போனாள். ஒரு சாண் தூக்கி மாட்டியிருந்ததால் முன்போல் ரொம்பக் குனிய வேண்டியிருக்கவில்லை. ஆள்காட்டி விரலை நீட்டி அவன் வாய் இருந்த இடத்தில் உப்பைத் தடவினாள். கொஞ்சம் உதிர்ந்தது. அடியில் கரிக்கோடு லேசாகத் தெரிந்தது. படைப்பை யாராவது தொட்டால் கூடத்தின் மறுகோடியிலிருந்து கத்துகிறவள் நான். கன்னியப்பன் என்னைப் பார்த்தார். நான் புத்தகக் கட்டுகள் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் காலை கதவு திறக்கும் முன் வழக்கம்போல் போய்ப் பார்த்து எழுதினேன். அந்த ஃபைல் இப்போதும் உங்கள் அலமாரியில்தான் இருக்கிறது, எடுத்துப் பார்க்கலாம். 'இரண்டாவது உருவத்தின் முகத்தில் ஒரு விரல் தடம். புதியது. வாய் தெரிகிறது.'